எரிவது மோட்டார், திட்டு வாங்குவது காயில் கடைக்காரர்

மில்லில் ஒரு மோட்டார் எரிந்துபோனால் "ஏன் எரிந்தது?" என்று யாரும் முதலில் கேட்பதில்லை. "போன தடவை யார் காயில் கட்டினது?" என்றுதான் கேட்கிறார்கள். பெயர் தெரிந்தவுடன் விசாரணை முடிந்தது. தீர்ப்பும் தயார்: கம்பி மட்டம், வார்னிஷ் மட்டம், ஆள் மட்டம்.

கோயமுத்தூர்ப் பக்கம் இது தினசரிக் காட்சி. 1937-ல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மோட்டார் செய்து காட்டிய ஊர் அது. பீளமேடு, கணபதி, ஆவாரம்பாளையம் என்று எங்கே திரும்பினாலும் மோட்டார், பம்ப், அவற்றுக்குக் காயில் கட்டும் கடைகள். அந்தக் கடைகளில் கடந்த சில வருடங்களாக அடிக்கடி நடக்கும் உரையாடல் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

"என்னங்கண்ணா, நாலு மாசங்கூட ஆகலீங்க. மறுபடியும் போயிருச்சுங்க."

"கம்பி நல்ல கம்பிதானுங்க தம்பி. வேணும்னா பிரிச்சே காட்டறனுங்க."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. மொதலாளி திட்டறாரு. இந்தத் தடவை சும்மா கட்டிக் குடுத்துருங்க."

கடைக்காரரும் கட்டிக் கொடுத்துவிடுவார். மாட்டேன் என்றால் மில்லின் மொத்த வேலையும் அடுத்த கடைக்குப் போய்விடும். தாமிரக் கம்பி விலை அவர் தலையில். கூலியும் அவர் தலையில். நாலு மாதத்தில் அதே மோட்டார் மீண்டும் வண்டியேறி வரும்.

அந்த மோட்டார் முன்பு ஸ்டார்ட்டரில் ஓடியது, இப்போது டிரைவில் ஓடுகிறது என்ற தகவலை மட்டும் யாரும் அவரிடம் சொல்ல மாட்டார்கள். கேட்டால், "அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

சம்பந்தம் இருக்கிறது. அதுவும் நிறையவே.

பொருளாதாரமும் கணக்குப்பதிவியலும் படிக்கும் நண்பர்களுக்காகக் கொஞ்சம் அடிப்படை. (எலக்ட்ரிகல் நண்பர்கள் இரண்டு பத்தி தாண்டிப் போகலாம். போனால் பின்னால் சண்டைக்கு வரக் கூடாது.) சாதாரண மோட்டார் நேராகக் கரண்டில் ஓடினால் ஒரே வேகம்தான். வேகத்தைக் கூட்டிக் குறைக்க நடுவில் வைக்கும் பெட்டிதான் டிரைவ். வி.எஃப்.டி. என்றும் சொல்வார்கள். மின்விசிறி, பம்ப் மாதிரியான வேலைகளில் வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால், காகிதக் கணக்குப்படி மின்சாரம் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். ஸ்பின்னிங் மில்லில் ஈரப்பதம் காக்கும் ஹியூமிடிஃபிகேஷன் பிளாண்டின் பெரிய விசிறிகளுக்கு எல்லோரும் டிரைவ் வாங்கியது இதற்காகத்தான். தப்பே இல்லை. டிரைவ் நல்ல பொருள்.

ஆனால் அந்தப் பெட்டி எப்படி வேலை செய்கிறது? வரும் ஏ.சி. கரண்டை முதலில் டி.சி. ஆக்குகிறது. 415 வோல்ட் ஏ.சி. உள்ளே போனால் சுமார் 587 வோல்ட் டி.சி. கிடைக்கும். ராத்திரி நேரத்தில் சப்ளை 440-ஐத் தொட்டால் 620-ஐத் தாண்டும். பிறகு ஐ.ஜி.பி.டி. எனும் மின்னணு ஸ்விட்சுகள் இந்த டி.சி.யை நறுக் நறுக்கென்று வெட்டி, துண்டு துண்டாக மோட்டாருக்கு அனுப்புகின்றன. துண்டுகளின் அகலத்தை மாற்றி மாற்றி வெட்டுவதால், மோட்டார் அதை ஏ.சி. என்று நம்பிச் சுற்றுகிறது. ஒரு வகையில் ஏமாற்று வேலைதான்.

மோட்டாரின் இரும்பும் தாமிரமும் ஏமாறுகின்றன. கம்பி மேல் பூசிய எனாமல் ஏமாறுவதில்லை.

ஈ.பி. லைனில் வரும் கரண்ட் பூஜ்யத்திலிருந்து உச்சிக்கு ஏற 5 மில்லி விநாடி ஆகும். டிரைவிலிருந்து வரும் துண்டு ஏற ஒரு மைக்ரோ விநாடியில் பத்தில் ஒரு பங்கு போதும். கணக்குப் போட்டுப் பாருங்கள், 50,000 மடங்கு வேகம். ஏறுவதும் ஒரு தடவை இரண்டு தடவை இல்லை. கேரியர் ஃப்ரீக்வென்சி 4 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்திருந்தால் விநாடிக்கு 4,000 துண்டு. ஒரு நாளைக்கு 34 கோடியே 56 லட்சம் துண்டு.

அடுத்தது கேபிள். தோட்டத்தில் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது வால்வைச் சட்டென்று மூடினால் குழாய் "டமால்" என்று அதிரும். வேகமாக வந்த தண்ணீர் முட்டித் திரும்புகிறது. கேபிளில் பாயும் மின்துடிப்பும் அப்படித்தான். மோட்டார் வாயில் முட்டி எதிரொலிக்கிறது. வந்த அலையும் திரும்பும் அலையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அந்த இடத்தில் வோல்டேஜ் இரண்டு மடங்கு வரை போகும். 587 என்பது 1,170 ஆகும். 620 என்பது 1,240 ஆகும். நேம்பிளேட்டில் 415 என்று எழுதிய அப்பாவி மோட்டார் இதைத்தான் ஒவ்வொரு விநாடியும் வாங்கிக்கொள்கிறது.

இதற்கு மைல் கணக்கில் கேபிள் வேண்டாம். துடிப்பு கேபிளில் ஒரு மைக்ரோ விநாடிக்குச் சுமார் 150 மீட்டர் ஓடும். ஏறும் நேரம் 0.1 மைக்ரோ விநாடி என்றால் ஏழரை மீட்டரிலேயே, அதாவது 25 அடியிலேயே, முழு இரட்டிப்பு வந்துவிடும். பேனல் ரூம் ஒரு மூலையிலும் விசிறி இன்னொரு மூலையிலும் இருக்கும் மில்லில் 50, 60 மீட்டர் சர்வசாதாரணம்.

கூடவே இன்னொரு கஷ்டம். இவ்வளவு வேகமாக வரும் துடிப்பு காயில் முழுக்கச் சமமாகப் பரவாது. நுழைவாயிலில் இருக்கும் முதல் சில சுற்றுகள்தான் பெரும்பகுதி அடியைத் தாங்க வேண்டும். கையால் அள்ளிப் போட்டுக் கட்டும் காயிலில் முதல் சுற்றும் கடைசிச் சுற்றும் பக்கத்துப் பக்கத்தில் படுத்துக் கிடக்க வாய்ப்பு உண்டு. நடுவில் முடியளவு எனாமல், கொஞ்சம் வார்னிஷ், வார்னிஷ் போகாத இடத்தில் கொஞ்சம் காற்று. வோல்டேஜ் எல்லை தாண்டும்போது அந்தக் காற்றில் கண்ணுக்குத் தெரியாத பொறி பறக்கும். ஓசோன் உண்டாகும். எனாமலை அரிக்கும். கரையான் மாதிரி. ஒரு நாள் ஊசிமுனை அளவு ஓட்டை விழும், இரண்டு சுற்று ஒட்டும், மோட்டார் போகும்.

விஷயம் தெரிந்த காயில்காரர் எரிந்த மோட்டாரைத் திறந்து பார்த்தாலே இதைச் சொல்லிவிடுவார். ஓவர்லோடில் எரிந்தால் மூன்று பேஸ் காயிலும் ஒரே மாதிரி கருகியிருக்கும். ஒரு பேஸ் இல்லாமல் ஓடி எரிந்தால், ஸ்டார் கனெக்‌ஷனில் இரண்டு பேஸ் கருகி ஒன்று புதிதாக இருக்கும். டெல்டாவில் ஒன்று மட்டும் கருகியிருக்கும். டிரைவ் அடித்துப் போனதோ வேறு மாதிரி. காயில் மொத்தமும் நேற்றுக் கட்டியது போலப் பளபளவென்று இருக்க, லீட் ஒயர் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு இடம் மட்டும் வெந்து போயிருக்கும். எரிந்த மோட்டாரே சாட்சி சொல்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை.

இதெல்லாம் நேற்றுக் கண்டுபிடித்த ரகசியமா? இல்லவே இல்லை. அமெரிக்க மின்சாதன உற்பத்தியாளர்களின் சங்கமான நேமா, எம்.ஜி.1 என்ற தன் தரநிலையில் 1993-லேயே மோட்டார்களை இரண்டாகப் பிரித்துவிட்டது. 600 வோல்ட்டுக்கு உட்பட்ட சாதாரண மோட்டாருக்கு 1,000 வோல்ட் உச்சி, அதுவும் 2 மைக்ரோ விநாடி நிதானமாக ஏறினால்தான். டிரைவுக்கென்றே செய்த மோட்டாருக்கு 1,600 வோல்ட், 0.1 மைக்ரோ விநாடி ஏற்றம். மேலே வந்த 1,170-ஐயும் 1,240-ஐயும் இந்த 1,000-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சர்வதேச அளவில் ஐ.இ.சி. 60034-18-41 என்ற தரநிலையும் இருக்கிறது. துடிப்பின் கடுமையை ஏ, பி, சி, டி என்று நாலு வகுப்பாக அது பிரிக்கிறது. அதில் சி வகுப்பு என்றால் இரட்டிப்பு வரை தாங்கும் என்று அர்த்தம். மோட்டார் வாங்கும்போது "இது எந்த வகுப்பு?" என்று ஒரு வரி கேட்கலாம். கேட்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஏன் கேட்பதில்லை? பொறியியல் தெரியாததாலா? பெரும்பாலும் அப்படி இல்லை. கணக்குப் புத்தகம் எழுதும் விதத்தில்தான் கோளாறு.

டிரைவ் வாங்கினால் அது மூலதனச் செலவு. மின்கட்டணம் குறைந்தால் மாதாமாதம் பளிச்சென்று தெரியும். "எத்தனை மாசத்துல போட்ட காசு திரும்பும்?" என்ற பேபேக் கணக்கில் அது கதாநாயகன். டிரைவ் வாங்கச் சொன்னவருக்குக் கைதட்டல். மோட்டார் எரிந்தால் அது "பழுதும் பராமரிப்பும்" என்ற தலைப்பில், கிரீஸ், நட்டு போல்ட், டியூப் லைட்டோடு சேர்ந்து வருவாய்ச் செலவாக விழும். இரண்டு தலைப்பும் லெட்ஜரில் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை. டிரைவ் மிச்சம் பிடித்ததிலிருந்து அது எரித்த மோட்டாரின் செலவைக் கழித்து எழுது என்று எந்த வவுச்சரும் சொல்லாது. விசிறி நின்ற எட்டு மணி நேரம் காற்றின் ஈரம் போய் நூல் அறுந்துகொண்டே இருந்ததே, அந்த நஷ்டமோ புத்தகத்தில் எங்கேயும் ஏறாது.

ஆக, லாபத்துக்கு டிரைவ் சொந்தக்காரர். நஷ்டத்துக்கு? பில் கொடுத்த காயில் கடை. அந்தச் செலவில் பெயர் இருக்கிற ஒரே ஆள் அவர்தானே!

கொட்டேஷன் கட்டத்தில் நடப்பது இதைவிட வேடிக்கை. மூன்று பேரிடம் விலை கேட்பார்கள். ஒருவர் மட்டும் நேர்மையாக, "கேபிள் நீளமா இருக்குங்க, அவுட்புட்டுல ஒரு ஃபில்டர் போட்டாத்தான் மோட்டாருக்கு நல்லதுங்க" என்று அதையும் சேர்த்து எழுதியிருப்பார். அவர் விலைதான் அதிகம். அவர் அவுட். குறைந்த விலைக்காரருக்கு ஆர்டர். ஏலத்தில் உண்மை பேசியவருக்குத் தண்டனை, வாயை மூடிக்கொண்டவருக்குப் பரிசு.

சரி, பாதுகாப்பு என்ற பெயரில் ஒன்றுமே செய்வதில்லையா என்றால், செய்கிறார்கள். பாதிக்கு மேல் சம்பந்தமில்லாத காரியம்.

"சோக் போட்டிருக்கோமே" என்பார்கள். எங்கே? டிரைவுக்கு முன்னால், சப்ளை பக்கம். அது ஹார்மோனிக்ஸைக் குறைக்க, டிரைவைக் காப்பாற்ற. மோட்டாருக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. மோட்டாரைக் காக்கும் ரியாக்டர் டிரைவுக்குப் பின்னால் உட்கார வேண்டும். முன்கதவைப் பூட்டிவிட்டுப் பின்கதவைத் திறந்து போட்ட கதை.

"கிளாஸ் எச் கம்பி போட்டாச்சு" என்பார்கள். எஃப் என்பது 155 டிகிரி, எச் என்பது 180 டிகிரி. சூடு எவ்வளவு தாங்கும் என்பதற்கான எழுத்து அது. துடிப்பு எவ்வளவு தாங்கும் என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

"மெக்கர் போட்டுப் பார்த்தோம், மீட்டர் நல்லாக் காட்டுது" என்பது அடுத்தது. மெக்கர் பார்ப்பது காயிலுக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள இன்சுலேஷனை. இங்கே அரிக்கப்படுவது சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவில். அதை சர்ஜ் டெஸ்ட்தான் காட்டும். (மெக்கர் போடும்போது டிரைவிலிருந்து ஒயரைக் கழற்றாமல் போட்டு, மோட்டாரை விட்டுவிட்டு டிரைவைக் கொன்ற மகான்களும் உண்டு.)

பழைய ஸ்டார்ட்டர் பேனலில் இருந்த பவர் ஃபேக்டர் கெபாசிட்டரை டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் அப்படியே விட்டு வைப்பது இன்னொரு ரகம். அங்கே அது இருக்கவே கூடாது. மோட்டார் "ங்ங்ங்" என்று கத்துகிறது என்று கேரியர் ஃப்ரீக்வென்சியை 4-லிருந்து 12-க்கு ஏற்றிவிடுவதும் உண்டு. சத்தம் குறையும், உண்மை. அடியின் எண்ணிக்கை மூன்று மடங்காகும், அதுவும் உண்மை. காது பிழைத்தது, காயில் செத்தது.

"எங்க மில்லுல பத்து வருஷமா டிரைவ் ஓடுது, ஒரு மோட்டாரும் போகலை" என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள். நியாயமான வாதம்தான். கேபிள் இரண்டு மூன்று மீட்டராக இருந்தால், டிரைவின் ஸ்விட்சுகள் பழைய நிதானமான ரகமாக இருந்தால், மோட்டார் நல்ல கம்பெனியின் புது மோட்டாராக இருந்தால், ஒன்றும் ஆகாமல் ஓடும். டிரைவ் வைத்த எல்லா மோட்டாரும் எரியும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அதே மில் நாளைக்கு அந்தப் பழைய டிரைவை மாற்றிப் புதிது வாங்கும். புது ஸ்விட்சுகள் இன்னும் வேகமானவை. சிலிகான் கார்பைடு வகை வந்தால் அதைவிட வேகம். ஏறும் நேரம் குறையக் குறைய, இரட்டிப்பு வருவதற்குத் தேவையான கேபிள் நீளமும் குறையும். பத்து வருட அனுபவம் அந்தப் பழைய பெட்டிக்குத்தான் பொருந்தும்.

மில் முதலாளியாவது தாங்குவார். விவசாயியின் நிலைமை? ஏ.சி. மோட்டார் வைத்த சோலார் பம்பின் கன்ட்ரோலர் என்பதும் ஒரு டிரைவ்தான். 2019-ல் மத்திய அரசு பி.எம். குசும் திட்டம் தொடங்கியபின் அந்தப் பெட்டி ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. 600 அடி போர் என்றால் மேலேயிருக்கும் பெட்டிக்கும் கீழேயிருக்கும் மோட்டாருக்கும் நடுவில் 180 மீட்டர் கேபிள். கொங்கு நாட்டில் ஆயிரம் அடி போரும் உண்டு. தண்ணீருக்குள் ஓடும் மோட்டாருக்குக் கம்பி மேல் தடித்த பிளாஸ்டிக் உறை இருப்பது கொஞ்சம் ஆறுதல். ஆனால் அது போனால் வண்டி வரவழைத்து, குழாய் குழாயாகக் கழற்றி மேலே தூக்கினால்தான் என்ன ஆனது என்றே தெரியும். பயிர் அதுவரை காத்திருக்காது. கன்ட்ரோலர் விற்றவர் "மோட்டார் கோளாறு" என்பார். மோட்டார் விற்றவர் "கன்ட்ரோலர் கோளாறு" என்பார். நடுவில் இருக்கும் 180 மீட்டர் கேபிளுக்கு யாரும் வாரிசு இல்லை.

வழி இல்லாமல் இல்லை. முதல் வழி செலவே இல்லாதது: டிரைவை மோட்டாருக்குப் பக்கத்தில் வையுங்கள். தூசியும் ஈரமும் உள்ள இடமென்றால் அதற்கேற்ற மூடிய பெட்டியில். முடியாவிட்டால் அவுட்புட் ரியாக்டர். அது துடிப்பின் ஏற்றத்தை மட்டுப்படுத்தும். இன்னும் நீளமென்றால் அதற்கென்றே உள்ள டி.வி.டி.டி. ஃபில்டர். நூற்றுக்கணக்கான மீட்டர் என்றால், போர் மோட்டார் மாதிரி, சைன் ஃபில்டர்தான் சரி. துண்டு துண்டான அலையைக் கிட்டத்தட்ட பழைய ஏ.சி.யாகவே மாற்றிக் கொடுத்துவிடும். விலை அதிகம், கொஞ்சம் வோல்டேஜும் குறையும். மோட்டார் வாயிலேயே மாட்டி எதிரொலியை விழுங்கும் டெர்மினேட்டரும் உண்டு. குறைந்த வேகத்தில் நெடுநேரம் ஓட்டுகிறவர்கள், மோட்டாரின் சொந்த விசிறியும் மெதுவாகத்தான் சுற்றுகிறது என்பதை மறக்க வேண்டாம். பத்து டிகிரி சூடு கூடினால் இன்சுலேஷனின் ஆயுள் பாதி என்பது தொழிலில் பழைய கணக்கு. தனி புளோயரும் காயிலுக்குள் தெர்மிஸ்டரும் அதற்குத்தான்.

காயில் கட்டும்போதும் செய்ய நிறைய இருக்கிறது. பொறியை எதிர்த்து நிற்கும் இன்வெர்ட்டர் கிரேடு கம்பி, பேஸுக்கும் பேஸுக்கும் நடுவில் தடித்த பேப்பர், முதல் சுற்றுகளுக்கு ஸ்லீவ், முதல் சுற்றும் கடைசிச் சுற்றும் தள்ளியிருக்கும்படி கட்டும் முறை, காற்றுக்குமிழி தங்காமல் வெற்றிடத்தில் வார்னிஷ் ஏற்றுவது. நல்ல கடைக்காரர்களுக்கு இதெல்லாம் தெரியும். எச்.பி.க்கு இவ்வளவு என்று பேசி வைத்த ரேட்டில் இதற்கு இடமில்லை. "கூட ஆகுங்க" என்று சொன்னால் "அடுத்த கடையில கம்மியாக் கட்டறாங்களே" என்று பதில் வரும். வாங்கிக் கொடுத்த கம்பிக்கும் பேசிய கூலிக்கும் ஏற்ற காயில்தான் கிடைக்கும். அதைக் கட்டியவரைக் குற்றவாளி ஆக்குவது என்ன கணக்கோ.

கொள்முதல் பிரிவில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பி.காம். படித்தவர்கள்தான். நாளைக்கு வகுப்புத் தோழர்களில் பலரும் அந்த நாற்காலிக்குத்தான் போகப் போகிறார்கள். ஐ.ஜி.பி.டி. எப்படி இருக்கும் என்று அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமில்லை. கொட்டேஷன் படிவத்தில் மூன்று கட்டம் சேர்த்தால் போதும்: டிரைவுக்கும் மோட்டாருக்கும் இடையே கேபிள் எத்தனை மீட்டர், மோட்டாரின் துடிப்பு வகுப்பு என்ன, அவுட்புட் பக்கம் என்ன ஃபில்டர். மூன்றும் நிரப்பாத விலைப்புள்ளியை ஒப்பிடவே கூடாது. அப்போதுதான் ஃபில்டர் சேர்த்து எழுதிய நேர்மையானவரும், சேர்க்காமல் எழுதிய புத்திசாலியும் ஒரே தராசில் நிற்பார்கள். மோட்டார் ரிப்பேர் வவுச்சரில் "டிரைவில் ஓடியது: ஆம் / இல்லை" என்று ஒரு வரி. வருடக் கடைசியில் "ஆம்" எல்லாவற்றையும் கூட்டி, டிரைவ் மிச்சம் பிடித்த தொகைக்குப் பக்கத்தில் எழுதுங்கள். காயில் கடைக்கு மோட்டாரை அனுப்பும் டெலிவரி சலானிலும் அதே வரியை எழுதி, கேபிள் நீளத்தையும் போட்டு அனுப்புங்கள். எந்தக் கம்பி போடலாம் என்று அவர் முடிவு செய்யட்டும், அதற்கான ரேட்டையும் கேட்கட்டும்.